தெளிய விடுங்கள்: கடல்நீர் மீன்தொட்டி வைத்திருக்கும் சென்னை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

வீட்டுக் கூடத்தில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் உங்களுக்கு, அதிலும் அண்மையில் புதிதாகத் தொடங்கியவர்களுக்கு, இதை எழுதுகிறேன். தொட்டித் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியதும் உங்களில் பலர் நேரே கடைக்குப் போகிறீர்கள். தண்ணீரைத் தெளியவைக்கும் மருந்து ஒரு புட்டி வாங்கி வந்து ஊற்றுகிறீர்கள். தெளியாவிட்டால் மறுநாள் இன்னொரு புட்டி. அதற்கும் அடங்காவிட்டால் தொட்டியையே காலி செய்து, மணலைக் கழுவி, ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசி, முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். இவற்றில் எதைச் செய்தாலும் முதலில் அடிபடுவது மீன்தான். இப்படிச் செய்வதை நிறுத்துங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்கள் ஆர்வத்தை நான் குறை சொல்லவில்லை. சென்னை வெயிலில், நான்காவது மாடி வீட்டில், கடலின் ஒரு சிறு பகுதியை உயிரோடு வைத்துக் காப்பாற்ற நினைப்பது நல்ல ஆசை. ஆனால் அந்த ஆசையைச் சுற்றி ஓர் அவசரம் வளர்ந்துவிட்டது. தொட்டி, மணல், உப்பு, பாறை, மோட்டார், கூடவே ஒரு ஜோடி கிளவுன் மீன், இரண்டு மூன்று டாம்சல் மீன் என எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வாங்கி, மாலையில் தண்ணீர் நிரப்பி, இரவே மீனை விட்டுவிடுகிறீர்கள். "இந்த பாக்டீரியா புட்டியை ஊற்றினால் போதும், இன்றைக்கே மீன் விடலாம்" என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். சில நாட்களில் தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல ஆகிவிடுகிறது. அதற்கு மருந்தும் அதே கடையில் கிடைக்கிறது. மீன் செத்தால் மாற்று மீனும் அங்கேயே கிடைக்கிறது. இந்தச் சுழலில் இருந்து வெளியே வரக் கடைக்காரரை நம்பிப் பயனில்லை. நீங்கள்தான் வர வேண்டும்.

புதுத் தொட்டி ஏன் கலங்குகிறது? மீனின் கழிவு, தின்னாமல் விட்ட தீனி, பாறையில் செத்துப்போன சிற்றுயிர்கள் ஆகியவற்றைத் தின்னும் பாக்டீரியாக்கள் தண்ணீரில் எப்போதும் உண்டு. உணவு மிகுந்தால் அவை சில மணி நேரத்தில் பல மடங்காகப் பெருகிவிடும். நீங்கள் பார்க்கும் வெண்மை அந்தக் கூட்டம்தான். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் வேறு வகை. அவை மெதுவாக வளர்பவை. இருமடங்காகவே ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். அவை பாறையிலும் மணலிலும் ஒட்டிக் குடியேறி, தொட்டியின் கழிவு முழுவதையும் சமாளிக்கும் அளவுக்குப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். வேகமாக வளர்பவை முந்திக்கொள்கின்றன, நமக்கு வேண்டியவை பின்தங்குகின்றன. அந்த இடைவெளியில் மீன் இருந்தால் அது அம்மோனியாவிலேயே நீந்துகிறது.

நன்னீரில் தங்கமீன் வளர்த்த பழக்கத்தில் "கொஞ்சம் கலங்கினால் என்ன, தானாகத் தெளியும்" என்று சிலர் நினைக்கிறீர்கள். கடல்நீரில் இரண்டு விஷயங்கள் வேறு. ஒன்று, அதே வெப்பத்தில் உள்ள நன்னீரைவிடக் கடல்நீர் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவான ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும். நம் ஊர் மே மாதத்தில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டும்போது அது இன்னும் குறையும். பெருகிய பாக்டீரியாக்கள் அந்தக் கொஞ்ச ஆக்சிஜனையும் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு, கடல்நீரின் பி.எச். 8.1 முதல் 8.4 வரை இருக்கும். பி.எச். ஏற ஏற அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு கூடும். பி.எச். 7 உள்ள நன்னீரில் மீன் தாங்கிக்கொள்ளும் அதே அளவு அம்மோனியா, கடல்நீர்த் தொட்டியில் அதைக் கொன்றுவிடும்.

அதனால் தொட்டி கலங்கியதும் நீங்கள் பார்க்க வேண்டியது மீனைத்தான். செவுள் வழக்கத்தைவிட வேகமாக அடிக்கிறதா? மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரிலிருந்தோ மோட்டாரிலிருந்தோ தண்ணீர் விழும் இடத்தை விட்டு நகராமல் நிற்கிறதா? அப்படியானால் வேறு எதையும் யோசிக்கும் முன் காற்றைக் கொடுங்கள். ஓட்டம் தரும் மோட்டாரின் முகத்தை நீர்மட்டத்தை நோக்கித் திருப்பி மேற்பரப்பைக் கலக்குங்கள். ஏர் ஸ்டோன் ஒன்றைப் போடுங்கள். கண்ணாடி மூடியை எடுத்துவிடுங்கள். ஸ்கிம்மரை இரவு பகலாக ஓடவிடுங்கள். கலங்கல் தெளிய நாட்கள் ஆகலாம். மூச்சுக்கு நாட்கள் கிடையாது.

அடுத்து, காரணத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளரில் தொட்டித் தண்ணீரை மொண்டு, வெள்ளைத் தாள்மேல் வையுங்கள். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு அதை ஆட்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஓரிரு நிமிடத்தில் அடியிலிருந்து மேல்நோக்கித் தெளிந்துகொண்டே வந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. தொட்டியோடு இணைந்த கீழ்த்தொட்டியான சம்ப்பில் நீர்மட்டம் குறைந்து மோட்டார் காற்றை இழுக்கும். அல்லது புது ஸ்கிம்மர் பழகும்வரை சில நாள் நுண்குமிழிகளைத் தொட்டிக்குள் துப்பும். சம்ப்பின் மட்டத்தை ஏற்றுங்கள், குழாய் இணைப்புகளைச் சோதியுங்கள். ஆவியாகிப் போன தண்ணீருக்கு ஈடாக உப்பில்லாத நல்ல தண்ணீரையே ஊற்ற வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தண்ணீர்தான் ஆவியாகிறது, உப்பு அப்படியே தங்குகிறது. குமிழிக்கு மருந்து ஊற்றிய வீடுகளும் உண்டு என்பதுதான் வேதனை.

சில மணி நேரத்தில் தம்ளரின் அடியில் மெல்லிய மாவுபோல் படிந்தால் அது மணல் தூசி. அரகொனைட் மணலைக் கழுவாமல் போட்டாலோ, தண்ணீரை அதன்மேல் நேரடியாகக் கொட்டினாலோ இப்படி ஆகும். ஃபில்டரில் மெல்லிய பஞ்சை வைத்து, தினமும் மாற்றுங்கள். மணலைக் கிளறாதீர்கள். ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

மறுநாளும் தம்ளர் பால் கலந்ததுபோலவே இருந்தால் அது பாக்டீரியாப் பெருக்கம். உடனே அம்மோனியா டெஸ்ட் கிட்டை எடுங்கள். தீனியை ஓரிரு நாள் நிறுத்துங்கள். வளர்ந்த நலமான மீன் அதனால் சாகாது. அம்மோனியா இருக்கிறது என்று சோதனை காட்டினால், நான்கில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். மாற்றும் தண்ணீர் முந்தைய நாளே உப்புக் கலந்து, மோட்டார் ஓடவிட்டு, தொட்டியின் வெப்பத்துக்கும் உப்படர்த்திக்கும் சமமாக இருக்க வேண்டும். அம்மோனியா இல்லை, மீனும் நன்றாக மூச்சு விடுகிறது என்றால் காற்றை மட்டும் கொடுத்துக்கொண்டு பேசாமல் இருங்கள். உணவு தீர்ந்ததும் அந்தப் பெருக்கம் தானே அடங்கும். பெரும்பாலும் சில நாட்கள். மிஞ்சிப்போனால் ஓரிரு வாரம்.

வெள்ளைத் தாளின்மேல் தண்ணீர் பச்சையாகத் தெரிந்தால் அது நுண்பாசி. வெளிச்சம் மிகுதி, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் மிகுதி என்று பொருள். சன்னல் வெயில் தொட்டியில் நேரே படுகிறதா என்று பாருங்கள். விளக்கு நேரத்தைக் குறையுங்கள். யு.வி. விளக்கு பச்சையைப் போக்கும். ஆனால் பாசிக்குத் தீனி போடும் தண்ணீரையே தொடர்ந்து ஊற்றினால் அந்த விளக்கு என்றைக்கும் அணையாமல் எரிய வேண்டியதுதான்.

மாதக்கணக்கில் தெளிவாக இருந்த தொட்டி ஒரே இரவில் கலங்கினால் உள்ளே இருக்கும் உயிர்களை ஒன்றொன்றாக எண்ணுங்கள். பாறை இடுக்கில் ஒரு நத்தை செத்திருக்கலாம். இடம் மாறி நகர்ந்த கடல் அனிமோன் மோட்டாரில் சிக்கி அரைபட்டிருக்கலாம். முகர்ந்து பாருங்கள், அழுகல் வாடை உங்களுக்குச் சொல்லிவிடும். செத்ததை எடுத்துவிட்டு, தண்ணீரில் கணிசமான பகுதியை மாற்றி, புதிய கரியை ஃபில்டரில் வையுங்கள். இங்கும் தாமதம் கூடாது.

பவளம் வளர்ப்பவர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கால்சியத்தையும் காரத்தன்மை கூட்டும் கரைசலையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் ஊற்றினால் இரண்டும் சேர்ந்து சுண்ணாம்பாகத் திரிந்து தொட்டி முழுவதும் வெண்துகளாய்ப் பறக்கும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கால்சியம் அந்தத் துகளாகி மோட்டாரிலும் மணலிலும் படிந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே நேர இடைவெளி விடுங்கள். ஓட்டம் மிகுந்த இடத்தில் மெதுவாக ஊற்றுங்கள். நைட்ரேட்டைக் குறைக்க வோட்காவோ வினிகரோ சர்க்கரையோ சேர்ப்பவர்கள், அளவைக் கூட்டிய மறுநாள் தொட்டி வெளுத்தால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம். அளவைக் குறையுங்கள்.

இனி, தண்ணீர். நம் ஊரில் பாதிக் கலங்கல் இங்கேதான் தொடங்குகிறது. மெட்ரோ தண்ணீரில் குளோரின். போர்த் தண்ணீரில் கடினத்தன்மை. லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது லாரிக்காரருக்கே வெளிச்சம். "வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது, அதைத்தான் ஊற்றுகிறோம்" என்பீர்கள். குடிநீருக்கான பல ஆர்.ஓ. இயந்திரங்களில், சுவைக்காகச் சுத்திகரிக்காத தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று உள்ளே இருக்கிறது. டி.டி.எஸ். மீட்டரை அதில் வைத்துப் பாருங்கள். 80, 100 என்று காட்டும். கடல்நீர்த் தொட்டிக்கு வேண்டியது ஏறக்குறைய பூஜ்யம். உப்புக் கலக்கும் முறையிலும் கவனம் வேண்டும். 100 லிட்டருக்கு ஏறத்தாழ 3.5 முதல் 4 கிலோ கடலுப்புக் கலவை ஆகும். அதைத் தனி டிரம்மில், தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒரு நாள் ஓடவிட்டு, அடர்த்தி 1.025 என்று கருவி காட்டிய பிறகே தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் நேராக உப்பைக் கொட்டாதீர்கள். சமையல் கல்லுப்பைக் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாது. கால்சியமும் மக்னீசியமும் காரத்தன்மையும் அதில் போதிய அளவு கிடையாது.

கடல் பக்கத்திலேயே இருக்கிறதே என்று கேனில் மொண்டு வருபவர்களும் இருக்கிறீர்கள். கூவமும் அடையாறும் கலக்கும் கரையில் எடுத்த தண்ணீர் எதையெல்லாம் சுமந்து வரும் என்று யோசியுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பருவமழையில் கரையோர நீரின் உப்பும் குறைந்துவிடும். எடுத்தே ஆக வேண்டுமென்றால் முகத்துவாரங்களிலிருந்து விலகி, மழையில்லாத காலத்தில், படகில் சற்று உள்ளே போய் எடுத்து வரச் சொல்லுங்கள். வந்ததும் அடர்த்தியையும் அம்மோனியாவையும் சோதித்த பிறகு பயன்படுத்துங்கள்.

மின்வெட்டை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல பகுதிகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. ஓட்டம் நின்ற தொட்டியில் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீரத் தொடங்கும். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் நமக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் மூச்சுத் திணறிச் சாகும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓடவிட்டால் உள்ளே அழுகிய நீர் முழுவதும் தொட்டிக்குள் பாயும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை மழைக்காலம் தொடங்கும் முன்பே வாங்கி வையுங்கள். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு கேனிஸ்டரைத் திறந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, உள்ளே இருப்பவற்றைத் தொட்டித் தண்ணீரில் அலசி, பிறகு ஓடவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதன் குளோரின், தப்பிப் பிழைத்த பாக்டீரியாவையும் கொன்றுவிடும்.

தெளியவைக்கும் புட்டிக்கு வருகிறேன். அது தண்ணீரில் மிதக்கும் நுண்துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துப் பெரிதாக்குகிறது. ஃபில்டர் பஞ்சு அவற்றைப் பிடித்துக்கொள்கிறது. மணல் தூசிக்கு அது உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அம்மோனியாவை அது தொடாது. ஆக்சிஜனைக் கூட்டாது. பாக்டீரியா பெருகக் காரணமான அழுகலை அகற்றாது. அளவு மீறினால் ஸ்கிம்மர் பொங்கி வழியும், மீனின் செவுளிலும் ஒட்டும். எல்லாவற்றையும்விட, கண்ணாடி வழியே அறை தெளிவாகத் தெரிந்ததும் "சரியாகிவிட்டது" என்று நீங்கள் நம்பிவிடுகிறீர்கள். படிகம் போன்ற தண்ணீரிலும் மீன் அம்மோனியாவில் சாகும். ஆன்டிபயாட்டிக் ஊற்றுவது அதைவிட மோசம். தொட்டியைக் காக்கும் பாக்டீரியாவையும் சேர்த்தே அழித்துவிடும். மீனுக்கு நோய் என்றால் வேறு சிறு தொட்டியில் வைத்து மருந்து கொடுங்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நீங்கள் 'நீமோ' என்று குழந்தைக்குக் காட்டும் கிளவுன் மீனைப் பண்ணையில் பெருக்க முடிகிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபம் மையமே அதற்கான முறையைச் செய்துகாட்டியிருக்கிறது. ஆனால் கடல்நீர்த் தொட்டிக்கு விற்கப்படும் மீன் வகைகளில் மிகப் பெரும்பாலானவை இன்னமும் பவளப்பாறைகளில் பிடிக்கப்பட்டவை. நீல டேங் மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்து வளர்த்தெடுக்க 2016 வரை யாராலும் முடியவில்லை. பிடிக்கும்போதும், பையில் கட்டி அனுப்பும்போதும், விமானத்திலும், கடையிலும் தப்பிப் பிழைத்து உங்கள் வீடு வரை வந்த மீன் அது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு கிளவுன் 20 ஆண்டுகூட வாழும். அதை ஒரு வாரத்தில் சாகவிட்டுவிட்டு, "கடல்மீன் என்றால் அப்படித்தான்" என்று சொல்வது நியாயமில்லை.

பாறைக்கும் இதே நியாயம்தான். தொட்டியை உண்மையில் தெளிவாக வைத்திருப்பது, நமக்கு வேண்டிய பாக்டீரியாக்கள் குடியிருக்கும் உயிருள்ள பாறை. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961இல் எழுதிய கட்டுரை இதை உலகுக்குச் சொன்னது. ஆனால் மன்னார் வளைகுடாவிலிருந்து உடைத்து வந்த பவளத்துண்டை "லைவ் ராக்" என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செய்பாறையோ உலர்பாறையோ வாங்குங்கள். அதில் பாக்டீரியா குடியேறக் கூடுதல் நாள் ஆகும், அவ்வளவுதான்.

பதறிய காரியம் சிதறும் என்பது நம் வீட்டுப் பழமொழி. அதை மனத்தில் வைத்துக்கொண்டு உங்களிடம் மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

முதலாவது, புதுத் தொட்டியில் மீனை உடனே விடாதீர்கள். கடைக்காரர் மீனைக் காட்டினால், "இன்றைக்குத் தொட்டியும் உப்பும் பாறையும் போதும், மீனை அப்புறம் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்று சொல்லுங்கள். ஒரு துண்டு இறாலைத் துணியில் கட்டித் தொட்டியில் போடுங்கள். அது அழுக அழுக அம்மோனியா ஏறி, இறங்கி, நைட்ரைட்டும் ஏறி, இறங்கி, இரண்டும் பூஜ்யம் என்று சோதனை காட்டும்வரை பொறுங்கள். அந்த வாரங்களில் தொட்டி எவ்வளவு வேண்டுமானாலும் கலங்கட்டும். உள்ளே மூச்சுவிட ஒரு மீனும் இல்லாதபோது கலங்கினால் யாருக்கும் கேடில்லை. பிறகும் ஒன்று அல்லது இரண்டு மீனோடு தொடங்குங்கள்.

இரண்டாவது, டெஸ்ட் கிட் வாங்காமல் மீன் வாங்காதீர்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பி.எச்., உப்படர்த்தி ஆகிய ஐந்தையும் வாரம் ஒருமுறை பார்த்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இந்த எண்களைத் தராமல் ஆலோசனை கேட்டால், அனுபவம் உள்ளவர்களும் ஊகித்துத்தான் சொல்ல முடியும்.

மூன்றாவது, காரணம் தெரியாமல் எதையும் தொட்டியில் ஊற்றாதீர்கள். கலங்கியதும் காற்றைக் கொடுங்கள், தம்ளரில் மொண்டு பாருங்கள், அம்மோனியாவைச் சோதியுங்கள். அதன்பிறகும் புட்டி வேண்டும் என்று தோன்றினால் வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

இந்த மூன்றையும் நீங்கள் கடைப்பிடித்தால், ஒரே நாளில் தொட்டியும் மீனும் சேர்த்து விற்கும் வழக்கத்தைக் கடைகளும் கைவிட்டாக வேண்டும். வாங்க ஆள் இல்லாததை யாரும் விற்க மாட்டார்கள். புதிதாகத் தொட்டி வைக்கப் போகும் நண்பர் ஒருவருக்காவது, அவர் மீன் வாங்கும் முன் இதைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்களைப்போல் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் ஒருவன்